பிள்ளையை விழுத்தினவள்

"அசையாதை எண்டு சொன்னனான் எல்லே! ஒரு மயிர் நிலத்திலை விழுந்தாலும் அந்தோனியாருக்கு நீதான் பதில் சொல்லோணும்!"

விடிந்தும் விடியாத நேரத்தில் கத்தரீனாவின் அதட்டல் வளவு முழுக்கக் கேட்டது. குசினிக்குள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த கிறேசம்மா ஊதுவதை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள். பூவரசின் கீழே ஒரு பலகைக் கட்டையில் ஒன்பது வயது றோஸ் கண்ணை மூடிக்கொண்டு குந்தியிருந்தாள். பின்னால் அவளுடைய மாமி கத்தரீனா நின்று, பிள்ளையின் தளர்ந்த இரட்டைப் பின்னலை இழுத்து இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

முழங்காலைத் தொடும் கூந்தல் அது. ஏழு வருசத்துக்கு முன் றோஸின் தாய் காய்ச்சலில் செத்தபோது, இரண்டு வயதுப் பிள்ளையும் அதே காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தது. "பிள்ளையை எனக்குத் தா, பத்து வயசு மட்டும் கத்தரி படாமல் வளர்த்து, உன்ரை கச்சதீவுக் கோயிலிலை அந்த முடியைக் குடுக்கிறன்" என்று கத்தரீனா அந்தோனியாரிடம் கதறினாள். பிள்ளை பிழைத்தது. தம்பியின் பிள்ளைக்காகத் தனக்கு வந்த சம்பந்தங்களையும் தட்டிவிட்டு, கத்தரீனா அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். வருகிற திருநாளோடு நேர்த்தி முடிகிறது. அதுவரை ஒரு மயிரும் வீணாகக் கூடாது என்று ஈரத் தலையையே இறுக்கிப் பின்னி, இரண்டு பின்னலையும் உச்சியில் சுற்றி நாடாவால் கட்டிவிடுவாள். சனிக்கிழமை முழுக்குக்குத்தான் முழுதாக அவிழ்த்து, அன்று இரவு மட்டும் விரித்துப் போட்டு, ஞாயிறு விடியக் காயும் முன்பே கட்டிவிடுவாள். மற்ற நாட்களில் காலையில் தளர்ந்ததை மறுபடி இறுக்குவதோடு சரி.

அந்தத் தம்பி சில்வெஸ்ரருக்கு இரண்டாம் தாரமாக வந்து மூன்று வருசமாகியும் கிறேசம்மா அந்தத் தலையை ஒரு நாளும் தொட்டதில்லை. தொட விட்டதில்லை. "நேர்த்தித் தலை. இரத்த உரித்து இல்லாத கை படப்பிடாது" என்று வந்த அன்றே கத்தரீனா சொல்லிவிட்டாள். அதிலும் உன்ரை கை படவே படாது என்பது சொல்லாமல் விட்ட மீதி. அது கிறேசம்மாவுக்கும் விளங்கியது.

"மாமி... தலை இடிக்குது..." என்றாள் றோஸ் மெதுவாக.

"இண்டையோடை அது போயிடும். ஆள் வருகுது."

கிறேசம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றாள். "ஆர் மச்சாள் வாறது?"

"வேறை ஆர்? கொப்பர்தான்! போன கிழமையே ஆளனுப்பினனான். மத்தியானத்துக்குள்ளை வந்திடுவார். கழுத்தை ஒருக்கா நெட்டி எடுத்து விட்டாரெண்டால் எல்லாம் சரி."

கிறேசம்மா கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"வேண்டாம் மச்சாள்..."

"என்ன வேண்டாம்?"

"பிள்ளை சின்னன். கழுத்திலை கை வைக்க வேண்டாம். மருந்தைக் குடுத்துப் பாப்பம்..."

"மருந்தோ! உயிர்த்த ஞாயிறு கழிஞ்ச நாளிலை இருந்து குடுத்த மருந்து போதாதோ? பெரியாசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கண்ணையும் சோதிச்சாச்சு. ஒண்டும் இல்லை எண்டுதானே சொன்னவை! பள்ளிக்கூடத்திலை பத்து மணிக்கே தலையைப் பிடிச்சுக்கொண்டு சத்தி எடுக்குது பிள்ளை. ரீச்சர் ஆள் விட்டு அனுப்புறா. நீ என்னடாவெண்டால், ஊரே தேடிப் போற பரியாரியாரை, அதுவும் உன்னைப் பெத்த தகப்பனை, வரவேண்டாம் எண்டுறாய்!"

கத்தரீனா பின்னலின் நுனியை முடிந்தாள். பிள்ளையின் கண் இரண்டும் மேலே இழுபட்டு, நெற்றி பளபளத்தது.

"உன்ரை வயித்திலை பிறந்திருந்தால் இப்பிடி நிப்பியே? மற்றவளின்ரை பிள்ளைதானே, கிடந்து துடிக்கட்டும் எண்டு நினைக்கிறாய்!"

அந்தப் பிள்ளையின் சத்தியைக் கையில் ஏந்தியவள் அவள். இரவுகளில் மடியில் போட்டு நெற்றியில் ஈரத் துணி போட்டு விடியும்வரை விசிறியவள். அதையெல்லாம் கத்தரீனாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் பார்ப்பது வேறு, ஒத்துக்கொள்வது வேறு.

சில்வெஸ்ரர் கடலால் வந்து வலையைக் கல்மதிலில் போடுவதற்குள் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் நல்லவன். ஆனால் அக்காவின் கண்ணீருக்கு முன்னால் அவனுடைய நல்ல குணம் அரை நிமிசம் தாங்காது. உப்புப் படிந்த முகத்தோடு குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஏன் கிறேசு வேண்டாம் எண்டுறாய்? மாமா எத்தினை பிள்ளையளுக்குப் பாத்தவர்."

"எனக்குப் பயமாக்கிடக்கு."

"என்ன பயம்? காரணத்தைச் சொல்லு, நான் அக்காவை மறிக்கிறன்."

கிறேசம்மா வாயைத் திறந்தாள். பதினெட்டு வருசமாகத் திறக்காத வாய், மறுபடி மூடிக்கொண்டது.

"சொல்ல ஏலாது. என்னை நம்புங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

"பெட்டை என்ரை கண்ணுக்கு முன்னாலை துடிக்குது. நீ காரணமும் சொல்லமாட்டாய், வைத்தியமும் செய்ய விடமாட்டாய்!" சில்வெஸ்ரர் குரலை உயர்த்தினான். "நானும் மூண்டு வருசமா ஊர்வாயை அடைச்சுக்கொண்டு வாறன். இனி என்னாலையும் ஏலாது, கிறேசு."

ஊர்வாய் என்று அவன் சொன்னது வேறொன்றுமில்லை. கிறேசம்மாவுக்கு, கட்டி வந்த நெடுந்தீவு வரைக்கும் கூடவே வந்த ஒரு பெயர் உண்டு. பிள்ளையை விழுத்தினவள்.

அவளுடைய ஊர் மெலிஞ்சிமுனை. தகப்பன் இன்னாசித்தம்பி பேர்போன முறிவு நெரிவுப் பரியாரி. கை முறிந்தவன், கால் பிசகினவன், பிடரி பிடித்தவன் என்று தீவெல்லாம் இருந்து அவர் வாசலுக்கு வருவார்கள். தலையிடிக்கு அவர் செய்வது கழுத்து நெட்டி. ஒரு கை நாடிக்குக் கீழே, ஒரு கை பிடரியில், ஒரே திருப்பு. 'டக்' என்று ஓசை கேட்கும். அந்த ஓசையோடு தலையிடி பறந்துவிடும் என்று சனம் நம்பியது. வளர்ந்தவர்களுக்குப் பறந்ததும் உண்டு.

ஒரு நாள் பக்கத்து வளவுப் பிலோமினம்மா தன் ஒரே மகன், ஐந்து வயதுச் சூசையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குத் தலையிடி. அவனை விட்டுவிட்டு அவள் கருவாடு காயப்போடப் போய்விட்டாள். அப்போது வீட்டில் இருந்தது பரியாரியும் பதின்மூன்று வயதுக் கிறேசம்மாவும் மட்டும்தான். எண்ணெய்ச் சட்டியை ஏந்திக்கொண்டு அவள்தான் பக்கத்தில் நின்றாள். பிள்ளை நெளிந்தது. "ஒண்டும் நடவாது, பிள்ளையைப் பிடி" என்றார் தகப்பன். பிடித்தாள். அவர் திருப்பினார்.

பிள்ளை கத்தக்கூட இல்லை. ஒரு பக்கம் சரிந்து போனது. வாய் கோணியது. மூன்றாம் நாள் செத்துப்போனது.

"நீ இடுப்பிலை தூக்கிக்கொண்டு போய்க் கிணத்தடியிலை விழுத்தினாய் எண்டு சொல்லு பிள்ளை" என்று அன்றைக்கே தகப்பன் அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். "நீ குழந்தை, உன்னை ஆரும் ஒண்டும் செய்யமாட்டினம். என்னை எண்டால்... கொம்மாவும் அஞ்சு பெட்டையளும் பட்டினி! ஒரு கிழமையிலை சனம் மறந்திடும்."

சொன்னாள். சனம் மறக்கவில்லை. இப்படியான விசயங்களில் ஊருக்கு ஞாபகசக்தி அதிகம். அதன் பிறகு அந்தத் தெருவில் யாரும் அவள் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்ததில்லை. தங்கைமார் நாலு பேரும் கட்டிப் போனார்கள். அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. பிலோமினம்மா கோயிலில் அவள் குந்தியிருந்த வாங்குப் பலகையைக் கண்டாலே எழுந்து வேறிடம் போய்விடுவாள். இருபத்தெட்டு வயதில், பிள்ளையோடு தனித்துப்போன சில்வெஸ்ரருக்கு அவளைக் கொடுத்தார்கள். தகப்பன் வீட்டில் இருந்த காலமெல்லாம், முன்வாசலில் ஒரு பிள்ளையின் கழுத்துக்கு 'டக்' என்று கேட்கும்போது கிறேசம்மா உள்ளே முழந்தாளில் நின்று மாதாவை வேண்டுவாள். இந்தப் பிள்ளையாவது தப்பட்டும் தாயே, இந்தப் பிள்ளையாவது...

இப்போது அந்தக் கை றோஸின் கழுத்துக்கு வருகிறது.

சொன்னால் தகப்பனின் மானம் போகும். அறுபத்தைந்து வயதில் அவர் ஊர் முன்னால் கொலைகாரனாக நிற்பார். சொல்லாவிட்டால்...

மத்தியானத்துக்குச் சற்று முன் இன்னாசித்தம்பி வந்து சேர்ந்தார். சோளகக் காற்றில் வள்ளம் ஆடிய ஆட்டத்தில் வெள்ளை வேட்டி தொப்பலாக நனைந்திருந்தது. கக்கத்தில் எண்ணெய்ப் போத்தல். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு அந்த வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தரம்.

"வாருங்கோ பரியாரியார், வாருங்கோ!" என்று கத்தரீனா கதிரையைத் துடைத்துப் போட்டாள். பெற்ற தகப்பனுக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதையில் பாதி மகளுக்கு இருந்திருந்தால் போதும்.

கத்தரீனா பிள்ளையைக் கூப்பிட உள்ளே போன நேரம் பார்த்து, கிறேசம்மா தகப்பனின் கையைப் பிடித்தாள்.

"அப்பு, திரும்பிப் போங்கோ. சுகமில்லை எண்டு சொல்லுங்கோ, காற்று எண்டு சொல்லுங்கோ, என்னத்தையாவது சொல்லிப்போட்டுப் போங்கோ!"

இன்னாசித்தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ பேசாமல் இரு பிள்ளை. ஒண்டும் நடவாது."

அதே சொல்! அன்றைக்குச் சொன்ன அதே சொல்!

"அப்பு, எனக்கு இந்தப் பிள்ளையை விட்டால் வேறை ஒண்டும் இல்லை..."

கிழவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கத்தரீனா றோஸை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிள்ளையின் முகம் வெளுத்து, கண்ணோரம் ஈரமாக இருந்தது. அவளை முற்றத்து வாங்கில் இருத்தினார்கள். சில்வெஸ்ரர் தூணோடு சாய்ந்து நின்றான்.

இன்னாசித்தம்பி பிடரியில் எண்ணெய் பூசினார். இடது கை நாடிக்கு வந்தது. வலது கை காதுக்குப் பின்னால் போனது.

"சின்னம்மா..." என்று பிள்ளை முனகியது.

"கையை எடுங்கோ!"

கிறேசம்மா பாய்ந்து பிள்ளையைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டாள். எண்ணெய்ப் போத்தல் உருண்டு மண்ணில் கவிழ்ந்தது.

"என்னடி இது! விசர் பிடிச்சிட்டுதோ உனக்கு!" என்று கத்தரீனா கத்தினாள்.

"ஓம், விசர்தான்! பதினெட்டு வருசமா விசர்தான்!" கிறேசம்மா பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "பிலோமினம்மாவின்ரை பிள்ளையை நான் விழுத்தேல்லை! நான் தூக்கவே இல்லை! இந்த வேலை செய்துதான் அந்தப் பிள்ளை செத்தது. இந்தக் கை திருப்பித்தான் செத்தது! நான் எண்ணெய்ச் சட்டியோடை பக்கத்திலை நிண்டு பாத்தனான்... பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்ததும் நான்தான்... என்ரை றோசைப் பிடிச்சுக் குடுக்கமாட்டன்! வெட்டிப் போட்டாலும் குடுக்கமாட்டன்!"

கத்தரீனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அந்தோனியாரே, கேட்டீரோ இதை! தான் செய்த பிழையைப் பெத்த தகப்பன்ரை தலையிலை போடுறாளே! உப்பிடியும் ஒரு பிறவியோ! தம்பி, இவளை இனி ஒரு நிமிசம் இந்த வளவுக்குள்ளை வைச்சிருந்தியெண்டால் நான் வெளிக்கிடுறன்!"

சில்வெஸ்ரரின் முகம் இருண்டது. "கிறேசு... பிள்ளையை விடு. விட்டிட்டு உன்ரை உடுப்பை எடு. மாமாவோடை நீயும் வெளிக்கிடு."

கிறேசம்மா புருசனைப் பார்த்தாள். அழவில்லை. "போறன். பிள்ளையின்ரை கழுத்திலை ஆரும் கை வைக்கமாட்டினம் எண்டு சத்தியம் பண்ணுங்கோ. இப்பவே போறன்."

"அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ, தம்பி."

குனிந்து நின்ற இன்னாசித்தம்பியின் குரல்தான் அது. அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"அவள் சொல்லுறது உண்மை."

கத்தரீனாவின் கை தலையிலேயே நின்றுவிட்டது.

"சூசையைச் சாகடிச்சது நான். பிள்ளை நெளிஞ்சது. விட்டிருக்கலாம். விடேல்லை. என்ரை கைக்குப் பிழை வராது எண்டு எனக்கு அப்பிடி ஒரு திமிர்... பழியை இந்தக் குழந்தையின்ரை தலையிலை வைச்சதும் நான்தான்."

அவர் வலது கையை நீட்டினார். பெருவிரல் மொளி வீங்கி, ஒரு பக்கம் கோணிப் போயிருந்தது.

"இதைப் பாருங்கோ. அண்டைக்குப் பிறகு ஒரு பிள்ளையின்ரை கழுத்தையும் நான் திருப்பினதில்லை. எண்ணெய் பூசி, சும்மா ஒரு பக்கம் சரிச்சு, காதுக்குப் பின்னாலை என்ரை விரலைத்தான் முறிப்பன். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தாய்மார் சரியெண்டு கும்பிட்டுக்கொண்டு போயிடுவினம். இண்டைக்கும் அதைத்தான் செய்ய வந்தனான்."

கிறேசம்மா பிள்ளையோடு வாங்கில் இருந்துவிட்டாள்.

"விரலோ... அப்பு? உங்கடை விரலோ?" அவள் குரல் கீச்சிட்டது. "ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் உள்ளை முழந்தாளிலை நிண்டனான்! அடுத்த பிள்ளையும் செத்துப் போமெண்டு செத்துச் செத்துப் பிழைச்சனான்! எனக்கு ஒரு சொல் சொன்னால் என்ன?"

"வெக்கம் பிள்ளை... கொலைகாரன் எண்டு உனக்குத் தெரியும். கள்ளன் எண்டும் தெரியவேண்டாம் எண்டு நினைச்சன்."

கிறேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்மேல் இரக்கம் வந்தது, ஆத்திரமும் வந்தது, எது முதலில் வந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

கிழவர் அவள் முன்னால் மண்டியிட்டார். "பிள்ளையின்ரை கழுத்தைத் திருப்பமாட்டன். சும்மா தடவிப் பாக்க மட்டும் விடு. தடவத் தெரியும் எனக்கு. அந்த ஒண்டு மட்டும் உண்மையாத் தெரியும்."

வெகுநேரத்துக்குப் பிறகு கிறேசம்மா பிடியைத் தளர்த்தினாள். அவருடைய விரல்கள் பிடரியில் மெதுவாக இறங்கின. தோளுக்குப் போயின. திரும்பி வந்தன.

"கழுத்திலை ஒண்டும் இல்லை. இளகித்தான் கிடக்கு."

விரல்கள் மேலே, முடி தொடங்கும் இடத்துக்குப் போன அந்தக் கணம் றோஸ் வீறிட்டாள். கிழவர் குனிந்து உற்றுப் பார்த்தார். காதுக்கு மேலே, நெற்றியோரத்தில், முடி முளைக்கும் அடியெல்லாம் சிவந்து சிறு சிறு கொப்புளமாகக் கிடந்தது. இரண்டு இடத்தில் முடி வேரோடு கழன்று தோல் தெரிந்தது. உச்சிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். கல்லுப்போல இறுகியிருந்தது. உள்ளே இன்னும் ஈரம்.

"இந்தத் தலையை ஆர் கட்டினது?"

கத்தரீனா கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு பாரத்தை, ஈரத்தோடை, இப்பிடி இழுத்துக் கட்டினால் வளந்தவளுக்கே தலை வெடிக்கும். எப்ப பிள்ளைக்குச் சுகமா இருக்கும்?"

"சனிக்கிழமை" என்றாள் றோஸ், விக்கலுக்கிடையில். "முழுகின இரவு... நோகாது. சொன்னால் மாமி அழுவா எண்டு சொல்லேல்லை..."

கத்தரீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். சனிக்கிழமை இரவுகளில் பிள்ளை நிம்மதியாக நித்திரை கொள்வதை அவளும் பார்த்திருக்கிறாள். பள்ளிக்கூடம் இல்லாததால் என்று நினைத்திருக்கிறாள். இந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு கெடுதி வந்தால் அது இரண்டாம் தாரத்தின் கையால்தான் வரும் என்று காவல் இருந்தவள், தன் கையைப் பார்க்க மறந்துபோனாள்.

"நானோ... நான் வளத்த பிள்ளையை நானே... ஐயோ என்ரை குஞ்சு!"

அவள் நிலத்தில் விழுந்து கிறேசம்மாவின் காலைப் பிடித்தாள். "உன்னை என்னவெல்லாம் சொன்னன்! இந்த வாயை அந்தோனியார் ஏன் அடைக்காமல் விட்டார்?"

"எழும்புங்கோ மச்சாள்." கிறேசம்மா அவளைத் தூக்கி நிறுத்தினாள். "நீங்கள் ஆசையிலை செய்தது. நீங்கள் இல்லாட்டி இந்தப் பிள்ளையே இல்லை."

"அவிழடி... நீ அவிழ்."

கிறேசம்மா நாடாவின் முடிச்சை நகத்தால் நெகிழ்த்தினாள். பின்னல் ஒவ்வொரு பிரியாகத் தளர்ந்து, முதுகெல்லாம் பரந்து விழுந்தது. றோஸ் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கத்தரீனா கிறேசம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். சில்வெஸ்ரர் அருகில் வந்து ஏதோ சொல்லப் பார்த்தான்.

"வெளிக்கிடு எண்டு சொல்லிப்போட்டன், கிறேசு..."

"ஓம், சொன்னனீங்கள்" என்றாள் அவள். அந்தச் சொல்லை அவன் கொஞ்ச நாள் சுமக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

இன்னாசித்தம்பி கல்மதிலடியில் தனியே நின்றார். "பிள்ளை, நான் பிலோமினம்மாட்டைப் போகோணும். நீயும் வாறியே? தனியப் போனால் வழியிலை பயம் வந்து திரும்பிடுவன்."

மூன்றாம் நாள் காற்றுக் கொஞ்சம் தணிந்தது. சில்வெஸ்ரர் தன் வள்ளத்திலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு போனான். மெலிஞ்சிமுனைக் கரையில் சில்வெஸ்ரர் வள்ளத்தோடு நின்றுவிட, அவர்கள் இருவரும் மணலில் நடந்தார்கள்.

பிலோமினம்மா வளவில் பாய் விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதுக்கு உடம்பு மிகவும் வற்றியிருந்தது. கிறேசம்மாவைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"இந்த வளவுக்குள்ளை ஏன் வந்தனீ?"

இன்னாசித்தம்பி மணலில் முழந்தாளிட்டார். கையைக் கூப்பிக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல், ஒன்றுக்கும் சாட்டுச் சொல்லாமல் சொன்னார். நெளிந்த பிள்ளை, திருப்பிய கை, மகளின் காலடியில் கெஞ்சியது, விரலை முறித்து ஊரை ஏய்த்தது, எல்லாம். ஒரு காகம் பாயில் இறங்கிக் கருவாட்டைக் கொத்தியது. பிலோமினம்மா அதைக் கலைக்கவில்லை.

சொல்லி முடிந்த பிறகும் அவள் அவரைப் பார்க்கவில்லை. கிறேசம்மாவைத்தான் பார்த்தாள்.

"அவன் விழுந்தனான் எண்டு ஒரு சொல் சொல்லேல்லை" என்றாள். குரல் வறண்டிருந்தது. "மூண்டு நாளும் கழுத்தைத்தான் காட்டினவன். உடம்பிலை ஒரு கண்டல் காயம் இல்லை. நான்தானே கழுவி உடுப்புப் போட்டனான்... எனக்குத் தெரியாமல் இருக்குமோ?"

கிறேசம்மா திடுக்கிட்டாள். "மாமி...?"

"அவனைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போய், 'அண்ணை, ஒருக்கா முறிச்சு விடுங்கோ' எண்டு கேட்டது நான். அவன் வரமாட்டன் எண்டு அழுதவன். ரெண்டு அடியும் போட்டுத்தான் கொண்டுபோனனான். அதை நினைச்சிருந்தால் நான் அண்டைக்கே செத்துப் போயிருப்பன். நீ விழுத்தினாய் எண்டு ஊர் சொன்னது. பிடிச்சுக்கொண்டன். உன்னை ஏசி ஏசித்தான் நான் இவ்வளவு காலமும் உயிரோடை இருந்தனான்."

அவள் கிட்ட வந்தாள். வற்றிய கை கிறேசம்மாவின் கன்னத்தைத் தொட்டது.

"உனக்கு அப்ப என்ன வயசு?"

"பதின்மூண்டு, மாமி."

"பதின்மூண்டு..." என்றாள் பிலோமினம்மா. "பதின்மூண்டு வயசுப் பிள்ளை... அதுவும் ஒருத்தியின்ரை பிள்ளைதானே..."

கிறேசம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மகன் செத்த வீட்டில்கூட அப்படி அழாதவள் அன்றைக்கு வாய்விட்டு அலறினாள். கிறேசம்மாவும் அழுதாள். சூசைக்காக அழுதாள். எண்ணெய்ச் சட்டியோடு நின்ற அந்தச் சிறு பெட்டைக்காக, பதினெட்டு வருசத்துக்குப் பிறகு முதல் தரமாக, தானே அழுதாள்.

வெயில் ஏறியது. பிலோமினம்மா அவளைக் கையில் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, பானையிலிருந்து தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். கிறேசம்மா குடித்துவிட்டு வாசலைப் பார்த்தாள். கிழவர் இன்னும் சுடுமணலில் முழந்தாளிலேயே இருந்தார். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. அவரும் எழவில்லை.

"மாமி... அப்புவுக்கும் ஒரு வாய் தண்ணி..."

பிலோமினம்மா வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு செம்பை எடுத்துப் பானைக்குள் விட்டு, நிறைய மொண்டு, கிறேசம்மாவிடம் நீட்டினாள்.

"நீ கொண்டுபோய்க் குடு பிள்ளை. என்ரை கையாலை... இண்டைக்கு ஏலாது."

கிறேசம்மா செம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள்.